அம்மிணிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பள்ளிபாளையத்தில் வெயில் இன்னும் தணியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "விட்டுடறேன்ப்பா" என்றாய். என் காதில் "வந்துடறேன்ப்பா" என்று விழுந்தது. "வா சாமி" என்று சொல்லி, போனை வைத்த கையோடு உன் அறையை ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கம்மாதான் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, நீ ஆராய்ச்சியை விடப்போவதாகச் சொன்னதை மெதுவாகப் புரியவைத்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பத்தோரு வருஷம் தறிப்பட்டறையில் நின்ற காது இது. நாடா அடிக்கிற அடியில் அங்கே பேச்சு எடுபடாது. தார் தீர்ந்தாலும் பாவு அறுந்தாலும் கைச்சாடைதான். "குரல் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு பிடிபடல" என்று நான் புலம்பியபோது, படித்துக்கொண்டிருந்த நீ ஆடியோகிராம் தாளை, அதுதான் எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற தாளை, விரித்துக் காட்டினாய். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு குழிக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன, செத்தது கோழிக்கு மறுபடி முளைக்கும், மனுஷனுக்கு முளைக்காது என்றாய். சொல்லும்போதே உன் கண் கலங்கியது. காது டாக்டராகத்தான் போவாய் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

காது கேட்காதவர்களுக்கு உள்காதில் மின்கம்பி வைத்துக் கேட்கச் செய்கிற காக்ளியர் இம்பிளான்ட் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய டாக்டர் கிரீம் கிளார்க் கதையும் நீ சொன்னதுதான். அவர் அப்பா மருந்துக்கடைக்காரர், காது மந்தம், கடைக்கு வருகிறவர்கள் உரக்கச் சொன்னால்தான் கேட்கும் என்றாய். மகன் காது அறுவை டாக்டராகி, நன்றாக நடந்த தொழிலை விட்டுவிட்டு 1960களில் சிட்னிக்கு மறுபடி மாணவனாகப் போனார். ஆயிரக்கணக்கான செல்கள் செய்கிற வேலையை நாலைந்து மின்கம்பி எப்படிச் செய்யும் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே கேட்டார்கள். நத்தைக்கூடு போலச் சுருண்ட உள்காதுக்குள் கம்பி போக மறுத்தது. 1977இல் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்துப் புல்லை உள்ளே விட்டுப் பார்த்தாராம். நுனி இளசாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுருளோடு சுருளாகப் போனது. அது எனக்கு உடனே விளங்கியது கண்ணு. கஞ்சி ஏறாத நூலைத் தறியில் ஓட்டிப் பார்த்தவன் நான்.

நீ இருக்கிற மெல்போர்னில், 1978 ஆகஸ்ட் 1ஆம் தேதி, முதல் ஆளுக்கு அந்தக் கருவியை வைத்தார். ஆனால் முதலில் சோதித்தபோது அந்த மனிதருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றாயே, அது என் மனசிலேயே நிற்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் பட்ட பாடு! கோளாறு சோதிக்கிற கருவியில் இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு தேசிய கீதத்தின் மெட்டைக் கொடுத்ததும் அவர் எழுந்து விறைப்பாக நின்றாராம்.

நோயாளிக்கு மிச்சமிருக்கிற கேட்கும் திறன் கெடாமல் அந்தக் கம்பியை உள்ளே செலுத்தும் வழியை நீ தேடுகிறாய். இரண்டு வருஷமாக அளவு ஒன்றுபோல வரவில்லை, இதற்கு ஊருக்கு வந்து தினம் நாலு பேருக்குச் செவிப்பறை ஓட்டையை அடைத்தாலாவது பலன் உண்டு என்கிறாய். அதுவும் நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்ய ஈரோட்டிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். அறுந்த இழையைப் பிணைக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் பக்கத்து இழையும் போகும் என்று சின்ன வயசில் உன் விரலைப் பிடித்துக் காட்டினேனே, அந்தக் கை உனக்கு இருக்கிறது.

நம் சந்தில் மூன்றாம் வீட்டுக் குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விளையாடும்போது தலையில் ஒட்டியிருக்கிற காந்த வில்லை நழுவினால், யாரையும் கூப்பிடாமல் தானே தடவி எடுத்து ஒட்டிக்கொள்கிறாள். நேற்று வாசலில் நின்று "தாத்தா" என்றாள். காது மிஷின் மாட்டியும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தைப்பொங்கல் வரைக்கும் விடாதே சாமி. அதற்குப் பிறகும் உன் மனசு ஒப்பவில்லை என்றால் வா, அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அறை சுத்தமாகத்தான் இருக்கிறது.

பதிலைப் போனில் சொல்லாதே. எழுதிப் போடு. ஒரு எழுத்தும் விடாமல் எனக்குத் தெரியவேண்டும்.

அன்புடன்,
அப்பா