குறுக்குக் கையெழுத்து

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஓர் இரவு, கதவை இழுத்துச் சாத்திய பிறகு, தூத்துக்குடி வியாபாரிக்கு வற்றல் மிளகாய் விலையை மின்னஞ்சலில் எழுதினேன். "இந்த விலை நமக்குள் இருக்கட்டும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அனுப்பியதும் எனக்கே சிரிப்பு வந்தது. என் அப்பா இதே வியாபாரத்தைக் கடிதத்தில் நடத்தியவர். உறையை ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போடுவார். வழியில் எவராவது பிரித்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மின்னஞ்சலில் எங்கே போடுவது?

என் மின்னஞ்சல் கணக்கு ஓர் அமெரிக்க நிறுவனத்துடையது. அத்தகைய நிறுவனங்களிடமிருந்தே அமெரிக்க உளவுத்துறை மடல்களைப் பெறுவதை 2013இல் அதன் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. அவர்களது வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் இருக்கும் அந்நியரைக் குறிவைக்க ஆளுக்கோர் நீதிமன்ற ஆணை தேவையில்லை. நாம்தான் அந்த அந்நியர். 2023இல் அப்படிக் குறிவைக்கப்பட்டோர் சுமார் 268,590 என்று அவர்களே அறிவித்தார்கள். மிளகாய்க்காரன் அதில் இருக்கமாட்டான்தான். ஆனாலும் எண்ணிச் சொன்னார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே வருவோம். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் குறித்துவைக்கும் என் கடைக்கு 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவோ, கைது செய்யத்தக்க குற்றத்தை விசாரிக்கும் காவல் அதிகாரி எந்நேரமும் கணினியைத் திறந்து பார்க்க இடம் தருகிறது. குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டாம் என்று எவன் சொல்வான்? என் கேள்வி அதுவல்ல.

கோவிட் காலத்தில், யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று பதிந்துவைத்த டிரேஸ்டுகெதர் செயலியும் கருவியும் நினைவிருக்கிறதா? கிருமித்தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்றார்கள். 2021 ஜனவரியில், காவல்துறையும் அந்தத் தகவலைப் பெறலாம் என்று உங்கள் மன்றத்திலேயே சொல்லப்பட்டது. கடைக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். ஒரு பாட்டி கருவியைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, "நீயே வைத்துக்கொள் தம்பி" என்றார். பிப்ரவரியில் நீங்கள் சட்டம் இயற்றி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினீர்கள்.

மின்னஞ்சலுக்கும் அப்படியொரு வரம்பு கட்டுங்கள். எந்தக் குற்றங்களுக்கு, யார் கையெழுத்தில், ஆண்டுக்கு எத்தனை முறை என்று அடுத்த அமர்வில் யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
தேக்கா மசாலாக் கடைக்காரர்