பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்க்காதே

அன்பு மகளுக்கு,

சின்னவனுக்கு மூளைக்கு வேலை கொடுக்கிற விளையாட்டாக எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஏழு வயதில் பத்து வயதுக் கணக்கைப் போடுகிறவனுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் வயது பொருந்தாது. அதற்காகப் பத்து வயதுப் பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் சரிவராது. யோசனைக்குத்தான் பத்து வயது. விரல்களுக்கும் பொறுமைக்கும் தோற்றால் வரும் அழுகைக்கும் இன்னும் ஏழுதான். பொடிப்பொடியான காய்கள், இரண்டு மணி நேரம் இழுக்கும் ஆட்டம், இருபது பக்க விதிப்புத்தகம் இவற்றில் அவன் தடுமாறினால் அறிவு போதவில்லை என்று நினைத்துவிடாதே.

விதிகளை நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடிக்க முடிகிறதா, கடினத்தை நீயே கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பார். பகடை உருட்டும் ஆட்டங்கள் எல்லாரும் சேர்ந்து சிரிக்க நல்லவை. ஆனால் ஏன் தோற்றோம் என்று தேட அவற்றில் அதிகம் இடமில்லை. இவனுக்கு வேண்டியது காரணம் தேடக்கூடிய தோல்விதான். எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிடுகிற பிள்ளைக்குத் தப்புச் செய்து திருத்திக்கொள்ளும் பழக்கமே அமைவதில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிகிற ஆட்டத்தில் அதைப் பழகினால் வலி குறைவு.

காசு செலவழிக்கும் முன் 21 குச்சிகளை எடுத்து மேஜையில் வை. ஒருவர் முறைக்கு 1, 2 அல்லது 3 குச்சி எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. எதிராளிக்கு எப்போதும் 4-இன் மடங்கை விட்டு வைப்பதுதான் சூட்சுமம்: முதலில் 1 எடுத்தால் 20 மிஞ்சும், பிறகு அவர் எத்தனை எடுத்தாலும் அதோடு சேர்த்து நாலாகும்படி எடுத்தால் போதும். இதை நீ சொல்லிவிடாதே. குச்சிகளை 5 அல்லது 6 ஆகக் குறைத்து ஆடச் சொன்னால் 4 மிஞ்சும்போது யார் மாட்டுகிறார் என்பதைத் தானே பிடித்துவிடுவான். பிடித்ததும் விதியை மாற்று: கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றார். இப்போது அதே 21-இல் முதலில் ஆடுபவர் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் விட்டு வைக்க வேண்டியது 4-இன் மடங்கோடு ஒன்று. அதுவும் தீர்ந்ததும் பழைய விதிக்கே திரும்பி 3, 4, 5 என்று மூன்று குவியலாக வை. ஒரு முறைக்கு ஒரே குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதற்கு நிம் என்று பெயர். சார்ல்ஸ் பூட்டன் என்ற கணிதர் 1901-இல் இதற்கு முழுத் தீர்வு கொடுத்தார், 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும எண்களைக் கொண்டு. முதல் சரியான நகர்வு மூன்றிலிருந்து இரண்டை எடுத்து 1, 4, 5 என்று விடுவது. ஏன் என்று கண்டுபிடிக்க அவனுக்கு மாதங்கள் ஆகலாம். ஆகட்டும்.

அடுத்தது காளையும் பசுவும். தாளும் பென்சிலும் போதும். ஒருவர் இலக்கம் திரும்ப வராத நாலிலக்க எண்ணை மறைத்து வைக்க, மற்றவர் ஊகிக்க வேண்டும். இலக்கமும் இடமும் சரியென்றால் காளை, இலக்கம் மட்டும் சரியென்றால் பசு. மறைத்தது 4271, ஊகம் 1234 என்றால் பதில் ஒரு காளை, இரண்டு பசு. நாலிலக்கத்தில் 5040 வாய்ப்புகள் உண்டு, ஆரம்பத்துக்கு அது மிகுதி. 1 முதல் 6 வரை மட்டும் வைத்து மூன்றிலக்கமாக ஆடினால் 120-தான். இதில் கெடுவது இரண்டு இடத்தில். எண்ணை மனதில் மட்டும் வைத்துக்கொண்டு பதிலைத் தப்பாக எண்ணிவிட்டால் ஆட்டமே குலைந்துபோகும், அதனால் எழுதி மடித்து வைக்கச் சொல். இன்னொன்று, கெட்டிக்காரப் பிள்ளைகள் அவசரத்தில் பழைய பதில்களை மறந்துவிட்டுத் தோன்றியதைச் சொல்வார்கள். அப்போது, "நீ சொல்கிற எண்தான் விடை என்றால் முதல் ஊகத்துக்கு இந்தப் பதில் வந்திருக்குமா?" என்று கேள். அது போதும்.

இருவர் ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்காதே. இவன் கண்டுபிடித்துவிடுவான், பிறகு உண்மையான வெற்றியையும் நம்பமாட்டான். முன்கூட்டியே சலுகை கொடுத்துவிட்டு முழுமூச்சாக ஆடு. கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ ஆட்டத்தில் இதற்கென்றே வழி இருக்கிறது. பெரிய 19×19 பலகை வேண்டாம், 9×9 போதும். முதல் சில நாள் ஒரு கல்லையாவது முதலில் சுற்றி வளைத்துப் பிடிப்பவருக்கு வெற்றி என்று ஆடுங்கள். பிறகு முழு ஆட்டத்தில் அவன் 4 கல்லை முன்னதாக வைத்துத் தொடங்கட்டும். தொடர்ந்து மூன்று ஜெயித்தால் ஒன்றைக் குறை, மூன்று தோற்றால் ஒன்றைக் கூட்டு. சதுரங்கத்தில் உன் ராணியை எடுத்துவிட்டு ஆடு. அதற்கும் முன்னால், ஆளுக்கு எட்டுச் சிப்பாய்களை மட்டும் வைத்து யார் முதலில் கடைசி வரிசையைத் தொடுகிறார்கள் என்று ஆடலாம். கடிகாரம் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் மூன்று நகர்வு பின்னால் போய் வேறு மாதிரி ஆடிப் பாருங்கள். பலகையைக் கவிழ்க்கும் கோபம் மெல்ல ஆராய்ச்சியாக மாறும்.

தனியாக உட்கார்ந்து செய்ய பென்டோமினோ. ஐந்து சதுரங்களை ஒட்டிய 12 வடிவங்கள், மொத்தம் 60 சதுரம். அட்டையில் நீயே வெட்டலாம், சதுரம் 2 சென்டிமீட்டர். திருப்பியும் போடலாம் என்பதால் இரு பக்கமும் ஒரே நிறமாக இருக்கட்டும். 6×10 செவ்வகத்தை நிரப்ப 2339 வழிகள் உண்டு. அப்படியும் கையால் ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே பாடு. நாலு துண்டால் 4×5, ஐந்தால் 5×5 என்று தொடங்கு. எந்தத் துண்டுகள் சேரும் என்று முதலில் நீ போட்டுப் பார்த்துவிடு. 3×20-ஐக் கொடுத்துவிடாதே, அதற்கு இரண்டே விடை. திணறினால், நாலாபுறமும் அடைபட்ட காலியிடத்தில் எத்தனை சதுரம் என்று எண்ணச் சொல். ஐந்தின் மடங்காக இல்லையென்றால் அந்த வழி அடைபட்டது. கூட்டல் குறி வடிவத்தை முதலில் வைக்க வேண்டும் என்பதைத் தானே கற்றுக்கொள்வான். விடைத்தாள் இருந்தால் எடுத்து ஒளித்து வை.

ரூபிக் கனசதுரத்தை நான் பின்னால் தள்ளுவேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்து வேகமாகச் சுழற்றுவது விரலுக்குப் பயிற்சி, அதில் யோசனை குறைவு.

ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் வெளியே வைக்காதே. இந்த வாரம் குச்சி ஆட்டத்தோடு இன்னொன்றையும் கொடு. சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கட்டங்களை மூடிவிடு; மிச்சம் 62. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு கட்டத்தை மூடும் 31 தாள் துண்டுகளை வெட்டிக் கொடுத்து, நிரப்ப முடியுமா, முடியாதா என்று கேள். முடியாது. அதை நீ சொல்ல வேண்டாம். நிச்சயம் பலமுறை முயல்வான், எப்போதும் இரண்டு கட்டமாவது மிஞ்சும். இரண்டு நாள் கழித்தும் பிடிபடவில்லையென்றால், மூடிய இரண்டு கட்டங்களும் என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடு.

அன்புடன்,
அப்பா