வண்டியை விற்க வேண்டாம், பொறுப்பை மாற்றிக்கொடு

மஞ்சக்குப்பம், கடலூர்
18 ஜனவரி 2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலன்று நீ போனில் உன் மின்சாரக் காரைப் பற்றி, "வண்டியை வைத்திருப்பதா, விற்பதா, ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று கேட்டபோது வீடு நிறைய ஆட்கள் இருந்ததால், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரில் பேசினால் நான் ஒன்றைத் தொடங்குமுன் நீ மூன்றைச் சொல்லி முடித்துவிடுவாய் என்பது நாம் இருவரும் அறிந்ததுதான். ஆகையால் குறுக்கீடில்லாமல் நான் சொல்ல வந்ததை முழுவதும் நீ கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

2023-இல் நீ வாங்கி, 14,000 கிலோமீட்டர் ஓட்டி, 2024 ஜூன் மாதம் ஜெர்மனிக்குப் புறப்படும்போது என்னிடம் ஒப்படைத்த வண்டி, இன்று காலைக் கணக்குப்படி 35,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. அவ்வளவு விலையுள்ள வண்டியை அப்பா போர்த்தி மூடித்தான் வைத்திருப்பார் என்று நீ நினைத்தாய். முதல் மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் அம்மாவைப் புதுச்சேரியில் கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை அவள் எலுமிச்சம்பழத்தைக் கேட்கவே இல்லை. உனக்கு நினைவிருக்கும், எந்தக் காரில் ஏறினாலும் அரைமணி நேரத்துக்குள் அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், ஜன்னலைத் திற என்பாள். டீசல் நாற்றமும் எஞ்சின் அதிர்வும் இல்லையென்றால் அவளுக்கு அந்த உபாதையே இல்லை என்பது நாற்பதாண்டு இல்வாழ்க்கைக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தச் சுகத்தையும் வண்டி ஒருமுறை கெடுக்கப் பார்த்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனேயே வண்டி தானாக வேகம் தணிந்து நிற்கும்படி நீ வைத்துவிட்டுப் போயிருந்தாயே, அந்த அமைப்பில் இரண்டு நாள் ஓட்டியதில் அவளுக்குப் பழைய தலைசுற்றல் திரும்பி வந்துவிட்டது. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் இழுப்பு அது. முப்பத்திரண்டு ஆண்டு மின்வாரியத்தில் இருந்தவனுக்கு அந்த ஏற்பாட்டின் அழகு புரியாமல் இல்லை, என்றாலும் கட்டின மனைவிக்குக் குமட்டும்போது அழகை என்ன செய்வது? அந்த இழுப்பை மிகக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, பழையபடி பிரேக் மிதித்துத்தான் ஓட்டுகிறேன். அதனால் நாலு யூனிட் கூடுதலாகப் போனால் போகட்டும்.

சத்தமில்லாமை எங்களுக்குச் சுகம், தெருவுக்குத் தொல்லை. நம் தெரு நாய்கள் நடுவழியில் படுத்திருந்தால் இந்த வண்டிக்காக எழுந்திருப்பதே இல்லை. மெதுவாகப் போகும்போது அது ஏதோ ஒரு மெல்லிய ஓசை எழுப்புகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஓசையை வண்டி என்று நம்ம ஊர் நாய்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மீன் கூடையோடு முன்னால் நடந்துபோன அம்மா ஒருவர், முதுகுக்குப் பின்னால் வண்டியைக் கண்டு பதறித் திரும்பி, "திருடன் மாதிரி வர்றியே" என்று என்னைத் திட்டியது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

மின்னேற்றத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு மும்முனை இணைப்பு இருப்பதால் 11 கிலோவாட் பெட்டியில் இரவு பதினோரு மணிக்குச் செருகினால், பத்து விழுக்காட்டிலிருந்து எண்பதுக்கு ஏற ஆறு மணி நேரம் போதும். தினசரிக்கு எண்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பாட்டரிக்கு அதுதான் நல்லது. யூனிட்டுக்கு நாலரை கிலோமீட்டர் ஓடுகிறது. செலவைப் பொறுத்தவரை பெட்ரோலோடு ஒப்பிடவே வேண்டாம், அதில் உனக்குச் சந்தேகம் இருக்காது. புகையே இல்லாத வண்டி என்று நீ பெருமையாகச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து வரும் மின்சாரமும் அதே கம்பியில்தான் நம் வீட்டுக்கு வருகிறது. புகை இருக்கிறது, நம் தெருவில் இல்லை, அவ்வளவுதான். அதற்காக மின்சார வண்டி வீண் என்று சொல்லவும் மாட்டேன். பெட்ரோல் எஞ்சின் எரிப்பதில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போய்விடும், மோட்டாரில் அந்த விரயம் மிகக் குறைவு.

போன மார்கழியில் ஒருநாள் காலை பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு, வண்டி ஒரு யூனிட் கூட ஏறவில்லை. நீ அங்கிருந்தே செயலியைப் பார்த்துவிட்டு, கம்பெனியைக் கூப்பிடுங்கள் என்றாய். நான் கூப்பிடவில்லை. பழைய டெஸ்ட் லேம்பை எடுத்து, மெயின் போர்டில் ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தேன். நூறு வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் வைத்தபோது, பல்புக்குள் இழை மட்டும் சிவந்து, அணையப்போகும் ஊதுவத்தி போல நின்றது. தோட்டத்தில் எர்த் குழியைத் தோண்டினால், வீடு கட்டும்போது இறக்கிய இரும்புக் குழாய் உப்பில் அரித்து, கையால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. இருபது வருடமாக அந்த எர்த்தை நம்பித்தான் மிக்சியும் வாஷிங் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்றாவது வாய் திறந்து சொன்னதா? இந்த வண்டி ஒன்றுதான், எர்த் சரியில்லை, ஏற மாட்டேன் என்று அடம்பிடித்துச் சொன்னது. செம்பு பூசிய கம்பி இறக்கிப் புதுக் குழி போட்டேன். தொல்லை என்று சொல்ல வேண்டிய இதை நான் நன்மைக் கணக்கில்தான் எழுதுவேன்.

வெளியூர்ப் பயணம்தான் மனிதனைச் சோதிக்கிறது. சென்னைக்குப் போய்வர 370 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு ஏற்றத்துக்கு 500 போகும் என்று காகிதத்தில் இருக்கிறது. ஏசி போட்டு, 90-ஐத் தாண்டாமல் ஓட்டி எனக்குக் கிடைப்பது 400. மிச்சமுள்ள முப்பதை நம்பித் திரும்ப மனம் வராது, ஆகவே வழியில் எங்காவது ஏற்றியாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கு வடக்கே ஓர் உணவகத்தின் பின்புறம் இரண்டு துப்பாக்கிகள், அதாவது வண்டியில் செருகும் கேபிள் பிடிகள், கொண்ட மின்னேற்றும் இயந்திரம் இருக்கிறது. கடந்த ஆவணியில் போனபோது ஒன்று வேலை செய்யவில்லை, மற்றொன்றில் ஒரு வாடகைக் கார் செருகியிருந்தது. எண்பது வரை மளமளவென்று ஏறுவது அதன்பின் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், ஏனென்றால் நிரம்பி வரும் பாட்டரிக்குள் வேகமாகத் திணித்தால் அது சூடாகிக் கெடும். பந்தியில் முதல் சோறு போகும் வேகமும் மோருக்கு வரும்போது இருக்கும் வேகமும் ஒன்றா? அந்த ஓட்டுநரோ நூறு ஆகும்வரை இலையை மடிப்பதில்லை என்று சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். நிழல் இல்லை, உட்கார இடமில்லை, முக்கால் மணி நேரம் நின்றோம். நம் முறை வந்தபின், அந்த நிறுவனத்தின் செயலியை இறக்கி, எண் கொடுத்து, ஓடிபி வாங்கி, முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் விடும். இப்படி என் போனில் ஐந்து செயலிகள் இருக்கின்றன, ஐந்திலும் நூறும் இருநூறுமாக என் பணம் முடங்கிக் கிடக்கிறது. காசை நீட்டினால் பெட்ரோல் போடும் பையனின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் துப்பாக்கியின் கேபிளை அம்மாவால் தூக்கவே முடியவில்லை, நான் இல்லாமல் அவள் ஓர் ஓட்டுநரோடு போனால் அவரைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. ஐப்பசியில் ஒருநாள் காலை வண்டி செத்துக் கிடந்தது. சாவிக்கு அசையவில்லை, கதவின் கைப்பிடி வெளியே வரவில்லை, திரை கறுப்பாக இருந்தது. பெரிய பாட்டரியில் எழுபது விழுக்காடு இருக்கிறது, ஆனால் அதை வண்டியோடு சேர்த்துவிடும் சுவிட்சை இயக்க வேண்டிய பன்னிரண்டு வோல்ட் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டது. எனக்கு ஆச்சரியமில்லை. துணைமின் நிலையத்தில் எத்தனையோ ஆயிரம் வோல்ட் ஓடினாலும், பாட்டரி அறையில் இருக்கும் சிறு பாட்டரிகள் கைவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு பிரேக்கரும் அசையாது. ஆகையால் பணிக்காலத்தில் நான் தினமும் முதலில் எட்டிப்பார்ப்பது அந்த அறையைத்தான். லட்சக்கணக்கில் விலை வைத்த வண்டியில், சிறு பாட்டரி தளர்கிறது என்று ஒரு வாரம் முன்னதாகச் சொல்லும் ஏற்பாடு சரியாக இல்லாமல் போனதுதான் என் மனக்குறை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு மாருதியிலிருந்து ஜம்பர் வயர் போட்டு எழுப்பினேன். அந்தப் பழைய மாருதிக்கு அன்று என்னையறியாமல் ஒரு கும்பிடு போட்டேன்.

ஸ்டெப்னி இல்லாதது பெரிய அநியாயம். சிதம்பரம் போகும் வழியில் பு.முட்லூர் அருகே ஆணி குத்திவிட்டது. பஞ்சர் கடைத் தம்பி வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, எழுந்து கையைக் கூப்பினான். "சார், அடியில பூரா பாட்டரின்னு சொல்றாங்க, ஜாக்கிய தப்பா வெச்சு ஏதாச்சும் ஆயிட்டா என் கடையையே வித்தாலும் பத்தாது." அவன் சொன்னதில் தவறே இல்லை. கடைசியில் சக்கரத்தைக் கழற்றாமலே, ஆணி இருக்கும் பக்கம் மேலே வரும்படி வண்டியை ஒரு சாண் நகர்த்தி, ரப்பர் திரியைத் திணித்து அடைத்துக் கொடுத்தான். டயர்களோ, இரண்டரை டன் எடையைச் சுமப்பதால் 27,000 கிலோமீட்டரில் தேய்ந்து போயின. அந்த அளவு கடலூரில் கிடைக்காமல் சென்னையிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. விலையைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய்.

திரையைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். சாலையைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவையில்லை, ஏசியைக் குறைக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படுகிறது. ஒரு திருகு வைத்திருந்தால் முடிந்துபோகிற காரியம்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், ஒரே நாளில் அங்கே 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும் நீ செய்தியில் பார்த்தாய். முதல்நாளே நூறு விழுக்காடு ஏற்றி வைத்தேன், ஏனென்றால் 2011 டிசம்பர் 30 அன்று அடித்த ‘தானே’ புயலுக்குப் பிறகு சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த நாங்கள் எத்தனை வாரம் அலைந்தோம் என்பது எனக்கல்லவா தெரியும். அன்றிரவு மின்சாரம் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, கொட்டகையில் 90 யூனிட் நிற்கிறது, நம் வீடு இரண்டு வாரம் ஓடும், அதிலிருந்து ஒரு மின்விசிறியைச் சுற்ற வழியில்லையே என்று பொருமினேன். வேறு சில வண்டிகளில் அந்த வசதி உண்டு. நம்முடையதில் செல்போனுக்கு மின்னேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை பெருகி வருகிறது என்றவுடன், வண்டியைக் கேப்பர் மலையில் என்னோடு வேலை பார்த்தவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பாட்டரிக்குள் தண்ணீர் புகாது என்று நீ எத்தனை சொன்னாலும், கல்லோடு மிதந்து கரையேற அது அப்பர் அல்ல.

இவ்வளவும் சொன்னபின், விற்க வேண்டாம் என்பதே என் முடிவு. வந்து பார்த்த தரகர் நீ கொடுத்ததில் பாதிகூடச் சொல்லவில்லை என்பது ஒரு காரணம், அம்மாவின் எலுமிச்சம்பழம் மற்றொன்று.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மேலே எழுதிய தொல்லைகளையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. நான் எங்கே நிற்கிறேன், எத்தனை வேகத்தில் போனேன் என்று இந்த வண்டி உனக்குக் கோள் சொல்கிறது. பண்ருட்டிச் சாலையில் ஒருநாள் லாரியை முந்த 110 போனதற்கு, வீடு வந்து செருப்பைக் கழற்றுமுன் உன் போன் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் எங்களுக்கு உதவி என்று நீ அங்கிருந்தே ஏசியைப் போட்டாய், உன் நல்லெண்ணம் எனக்குத் தெரியும். ஆளில்லாத கொட்டகையில் விளக்கெரிந்து வண்டி உறுமத் தொடங்கியதும், துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். உன்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய காலத்தில் நான் தெருமுனை வரைதான் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே செயலியில் முதன்மைப் பயனர் என்ற இடத்தில் உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணை ஏற்று. அதற்கு எனக்கு ஓர் ஓடிபி வரும் என்று சொல்கிறார்கள். நம் நேரம் இரவு ஒன்பது மணிக்குள், அதாவது உனக்கு மாலை நாலரைக்குள் அதைச் செய்தால் நல்லது. வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா