மாத்திரைப் பையில் ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளுக்காகக் கால் புண்ணைப் பற்றி எழுதுகிறீர்கள், கண்ணைப் பற்றி, சிறுநீரகத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எல்லாவற்றையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். எனக்கு வந்த தொல்லை வேறோர் இடத்தில். அதைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வயது 53. காவேரிப்பட்டணத்தில் தையல் கடை. சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆணுறுப்பின் முன்தோலில் சின்னச் சின்ன வெடிப்பு வந்தது. சிறுநீர் பட்டால் எரியும். மருந்துக் கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். நாலு நாள் அடங்கும், மறுபடி வரும். இப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினேன். கடைசியில் தோல் சுருங்கி, பின்னால் தள்ளவே முடியவில்லை. கழுத்தைச் சின்னதாக வெட்டிய சட்டையில் தலை நுழையுமா? அந்தக் கதைதான்.

கிருஷ்ணகிரியில் டாக்டர் பார்த்ததும் சொன்னார்: சிறுநீரில் சர்க்கரை போனால் அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும், புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறித் தோல் இறுகிவிடும் என்று. சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிற மாத்திரை ஒன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் இதைக் கூட்டுமாம். அதை மாற்றிக் கொடுத்தார். (யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.) முதலில் சர்க்கரையை இறக்கிவிட்டு வா, அப்புறம்தான் கத்தி என்றார். மூன்று வாரம் தினமும் நடந்தேன். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, முன்தோலை நீக்கிவிட்டார்கள். வெட்டிய தோலைச் சோதனைக்கும் அனுப்பினார்கள். ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பியதில்தான். கையில் ஒரு சீட்டு, அதில் மூன்று மாத்திரையின் பெயர், எல்லாம் இங்கிலீஷ். பஸ்ஸில் வந்தேன். கிருஷ்ணகிரிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் வாரம் வேட்டி உரசினாலே உயிர் போகும். இத்தனை வருடம் மூடியிருந்த தோல் அல்லவா, மல் துணிகூட உப்புத்தாள் மாதிரி இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு அது தன் பாட்டுக்கு விறைக்கும். தையல் ஒவ்வொன்றும் இழுக்கும். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வாசலில் பத்து நடை நடந்தால் அடங்கும் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். உறுப்பைத் தொங்க விடாமல் மேல் பார்த்து வைத்துக்கொண்டால் வீக்கம் சீக்கிரம் வடியும் என்று சொன்னது, எனக்குப் பட்டன், நூல் கொடுக்கும் கடைக்கார பாய். “ஆனா டெய்லரே, எங்களுக்குச் சின்ன வயசிலேயே முடிஞ்சிடும், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. மருமகன் டாக்டருக்குப் படிக்கிறான், அவனைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். கேட்டும் சொன்னார். தெருவில் வேறு ஒருவர், மதம் மாறிவிட்டேனா என்று விசாரித்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் தையலைச் சுற்றி மஞ்சளாக ஒரு படலம். சீழ் வைத்துவிட்டது, அழுகிப்போகும் என்று நானும் மனைவியும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். “இது சீழ் இல்லைங்க, புண் ஆறுது. போங்க” என்றார். அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

தையல் விஷயம் இன்னொன்று. நூலைப் பிரிக்க எப்போது வரணும் என்று கேட்டதற்கு, தானாகக் கரைந்து விழுந்துவிடும் என்றார்கள். முப்பது வருடமாக நூலோடு இருக்கிறவன் நம்புவேனா? பன்னிரண்டாம் நாள் வேட்டியில் கறுப்பாக ஒரு துண்டு கிடந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன், முடிச்சோடு. அன்றைக்குத்தான் சிரித்தேன். இரண்டு வாரம் மிஷினில் உட்காரவில்லை. உட்கார்ந்து காஜா மட்டும் எடுத்தேன். வண்டி ஓட்ட மூன்று வாரம் ஆனது. மனைவியோடு சேர ஆறு வாரம் பொறுக்கணும் என்பதை நானே வெட்கத்தை விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் போனவன் தையலைப் பிரித்துக்கொண்டு வந்து நிற்பான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், நானும் வாங்குகிறேன். கொண்டு வருகிற தங்கச்சி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். கால் மரத்துப்போகுதா அண்ணா என்று கேட்கும். அந்தப் பிள்ளையிடம் போய் நான் இதைச் சொல்ல முடியுமா? அதுவும் என்னைக் கேட்க முடியுமா? அதனால் அந்த மாத்திரைப் பையிலேயே தமிழில் ஒரு தாள் போடட்டும். எரிச்சல், வெடிப்பு, தோல் இறுக்கம் வந்தால் எந்தப் பிரிவுக்குப் போகணும் என்று.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது இன்னொரு தாள். வீக்கமும் மஞ்சள் படலமும் சாதாரணம் என்று அதில் இருக்கட்டும். பத்து நிமிஷம் துணியால் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு சீழ் வந்தால், சிவப்பு பரவினால், சிறுநீர் போகாவிட்டால் உடனே வா என்றும் இருக்கட்டும். பேப்பர் செலவு ஒரு ரூபாய் ஆகுமா? அரசு, தனியார் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெயர் போட வேண்டாம், ஊர் போடுங்கள். காவேரிப்பட்டணத்தில் தையல்காரர்கள் நிறைய பேர் இருக்கிறோம்.

— ஒரு தையல்காரர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்