செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் நலச் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி தவிர மற்ற மாதங்களில் கூட்டம் நடந்தது. குப்பை வண்டி, ரேஷன் கடை, தெருவிளக்கு பற்றிக் கொடுத்த மனுக்களில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. பள்ளிக்கூடத் தெரு விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. கோயில் குளக்கரையில் நட்ட புங்கன் கன்றுகளில் பாதி பிழைத்திருக்கின்றன. தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளுக்கு நன்றி.

இனி நிலத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் நேரத்தில் முக்கால்வாசி இதற்கே போனது.

ஜூன் மாதம் டீக்கடையில் நம் துணைத் தலைவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது, உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்தார். டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையை ஒட்டிய நம் ஊர் வயல்களில் ஏழு சர்வே எண்களை விவசாயப் பகுதியிலிருந்து தொழிற்பகுதியாக மாற்ற ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம் என்று அதில் இருந்தது. அவர் அன்று பேப்பர் புரட்டாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஊரில் யாருக்கும் தனியாகக் கடிதம் வரவில்லை.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. சென்னைப் பெருநகரில் எந்த நிலத்தில் எது வரலாம் என்று வரைபடத்தில் நிறம் போட்டுப் பிரித்திருப்பது அதில்தான். நம் சாலையோர வயல்களுக்கு விவசாய நிறம். அந்த நிறம் மாறாமல், அந்த நிறுவனம் போட நினைக்கும் கன்டெய்னர் யார்டுக்கு, அதாவது சரக்குப் பெட்டிகளை அடுக்கும் இடத்துக்கு, அங்கே அனுமதி கிடைக்காது. மாற்றுவதற்கு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சரி, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? நிலம் சொந்தக்காரருடையது, வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குகிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நம் உறுப்பினர்களே. ஜூலை சிறப்புக் கூட்டத்தில் அந்த வயல்காரர்கள் மூன்று பேர் எழுந்து பேசியதை அப்படியே பதிவு செய்ய விரும்புகிறேன். “நாலு வருஷமா நாத்து விடல. தண்ணி நின்னா வடிய மாட்டேங்குது, நிக்காதப்போ உப்பு பூக்குது. பொண்ணு கல்யாணத்துக்கு இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?” என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. அவர்கள் ஊருக்கு எதிராக நிற்கிறார்கள் என்று யாராவது வெளியில் பேசினால் அது பொய். அவர்கள் கஷ்டம் உண்மை. அதனால்தான் “விற்கக் கூடாது” என்று சங்கம் தீர்மானம் போடவில்லை. அந்த ஏழு சர்வே எண்களுக்கு நடுவே போகும் வாய்க்கால் பற்றி மட்டும் தீர்மானம் போட்டோம்.

வடசென்னையின் இந்த மூலையில் தண்ணீர் எல்லாம் எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கித்தான் போகிறது. பூண்டியில் திறந்துவிடும் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி வருகிறது. புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக வருகிறது. 2015இலும் 2021இலும் மணலி புதுநகர் மூழ்கியபோது நாம் மொட்டை மாடியில் அரிசி மூட்டையோடு உட்கார்ந்திருந்தோம். ஆறு நிறைந்து வரும் நாளில் நம் தெருத் தண்ணீருக்குப் போக்கிடம் அந்த வயல்களும் அந்த வாய்க்காலும்தான். அங்கே கிராவல் கொட்டி நாலடி உயர்த்தினால் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும்.

இதைச் சொல்லத் தெரிந்த நமக்குக் காட்டத் தெரியவில்லை. வாய்க்கால் இருக்கிறது என்று ஊரே சொல்லும். எந்த சர்வே எண்ணில், எவ்வளவு அகலத்தில் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்ற பதிவு) புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) கிடைக்கின்றன. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் அவற்றை எடுத்து, அச்சிட்டு, ஒட்டி ஒரே தாளாக்கினார்கள். அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு பதினைந்து பேர் நடந்தோம்.

கீழத் தெரு ஆயா எங்களோடு வந்தார். அந்தக் காலத்தில் நடவுக்குப் போன வரப்பு அவருக்கு இன்னும் நினைவில் இருந்தது. கருவேல முள்ளுக்குள் தடியால் குத்தி, “இங்கதான் மதகு” என்றார். முள்ளை வெட்டிப் பார்த்தால் செங்கல் கட்டு இருந்தது. புலப்படத்திலும் அதே இடத்தில் ஓடைப் புறம்போக்கு. தாளில் ஆறு மீட்டர் அகலம், நேரில் ஒரு ஆள் தாண்டிவிடலாம். இரண்டு இடத்தில் முழுக்கவே மூடியிருந்தது. மூடியதில் ஓர் இடம் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மாட்டுக் கொட்டகை. அவர் மறுவாரமே பிரித்துவிட்டார். அதற்காக அவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி. ஆயா மார்கழியில் காலமானார். அந்த மதகை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் போனார்.

ஆட்சேபக் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். வாய்க்காலின் சர்வே எண்கள், அளந்த அகலம், புகைப்படங்கள், எங்கள் வரைபடம் எல்லாவற்றையும் இணைத்தோம். மூன்று கோரிக்கை வைத்தோம்: நீர்வளத் துறையின் ஆய்வு இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம், வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும், கன்டெய்னர் லாரிகள் பள்ளிக்கூடத் தெருவுக்குள் வரக் கூடாது. அக்டோபர் 15ஆம் தேதி மழையில் அந்த வயல்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் படமெடுத்து, தேதியோடு மறுபடியும் அனுப்பினோம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். ஜனவரியில் பதில் வந்தது: விண்ணப்பம் நீர்வளத் துறையின் கருத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை. வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பில் நம் வாய்க்காலும் இப்போது இருக்கிறது.

அடுத்தது களம் புறம்போக்கு, அதாவது நெல் அடிக்கும் களத்துக்கான பொது நிலம், பற்றிய விஷயம். அங்கன்வாடி அங்கே வர வேண்டும் என்று மகளிர் குழுவும், விளையாட்டுத் திடல் வேண்டும் என்று இளைஞர்களும் கேட்கிறார்கள். 2011இல் மாநகராட்சியோடு சேருவதற்கு முன் இப்படிப்பட்ட பேச்சு கிராம சபையில் நடக்கும். மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் கேட்போம். இப்போது வார்டைப் பகுதிகளாகப் பிரித்து நடத்தும் பகுதி சபைதான். அதற்கு நம் ஊரிலிருந்து போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். இது எனக்கு மிகவும் வருத்தம். யாரையும் குறை சொல்வதற்கு இல்லை, வேலை நேரத்தில் வைத்தால் கம்பெனிக்குப் போகிறவர் எப்படி வருவார்? விடுமுறை நாளில் நடத்தக் கேட்டு எழுதியிருக்கிறோம். களத்தை இரண்டுக்குமாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து, அளந்து பார்த்தால் இடம் போதும். முடிவு நீங்கள் எடுக்க வேண்டும்.

மேற்கே வந்த புது மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று காட்டிய இடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பத்திர நகல் கேட்டிருக்கிறோம்.

அப்புறம் ஒன்று, அவசரமானது. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. அடுத்த திட்டம் 2046 வரைக்குமானது. இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் வீடு கட்டும்போதும் அந்த நிறம்தான் இருக்கும். வரைவு வெளிவந்து கருத்துக் கேட்கும் நாளில் நாம் தயாராக இருக்க வேண்டும். குளம், களம், மேய்க்கால் (மாடு மேயும் பொது நிலம்), சுடுகாட்டுப் பாதை, இரண்டு வாய்க்கால் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு ஒரே வரைபடத்தில் கொண்டுவரும் வேலை பாதி முடிந்திருக்கிறது. மேய்க்காலும் வடக்கு வாய்க்காலும் பாக்கி. பழைய பட்டா, கிரயப் பத்திரம், கிஸ்தி (நிலவரி) ரசீது வைத்திருப்பவர்கள் நகல் கொடுத்து உதவுங்கள். அசல் யாரும் தர வேண்டாம்.

அந்த மூன்று வயல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்க்கால் திறந்தால் உங்கள் நிலத்திலும் தண்ணீர் வடியும். ஒரு போகமாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். தூர்வாரும் நாளில் முதல் கூடை மண்ணை நாங்கள் உங்கள் வயலோரத்திலிருந்து அள்ளுகிறோம்.

வடக்கு வாய்க்கால் அளக்கும் வேலை வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் தொடங்கும். டேப் ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்