பொருள்: 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் செட் ஜோடி மாறி வந்தது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். உங்கள் நான்கு பட்டன் ரிமோட், ரிசீவர் செட்டை வாங்கியவன் நான். பில்லை எத்தனையோ முறை அனுப்பியாகிவிட்டது, இதோ மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்தலாம் என்று அர்டுயினோவோடு (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) இணைத்தேன். ஒரு அசைவும் இல்லை. போன் செய்தால் "கோடு அனுப்புங்க சார்", அதாவது அர்டுயினோவில் எழுதிய புரோகிராமை. அனுப்பினேன். ஆன்டெனா இருக்கிறதா என்றார்கள். 17 செ.மீ. கம்பியைப் பற்றவைத்துப் படமும் அனுப்பினேன். அப்புறம் வேறொருவர் வந்து மறுபடியும் கோடு கேட்கிறார்! உங்கள் ரிசீவரில் இருப்பது ரிமோட் சிக்னலைப் பிரித்தறியும் பிடி2272 சிப். எந்தப் பட்டனை அமுக்கினாலும், சிக்னல் வந்ததைக் காட்டும் விடி பின்னில் வோல்டேஜ் ஏற வேண்டும், அதற்குக் கோடே வேண்டாம். மல்டிமீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது. இதை நானா உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்?

அதைக்கூட விடலாம். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி கோவையில் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேனே, அதைத்தான் மறக்க முடியவில்லை. மதியம் வரை உட்காரவைத்தார்கள். கவுன்டரில் இருந்தவர் ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கி, "லைட் எரியுதே, நல்லாத்தானே இருக்கு? யூடியூப் பாத்து எதையாவது ஒட்டிட்டு வந்து எங்க உசுர எடுக்கறீங்க" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ரிசீவரைப் பையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லை.

பேட்டரி இருந்தால் லைட் எரியத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து ரிமோட்டைத் திறந்தேன். எந்த அலைவரிசையில் அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் பாகம் உள்ளே இருக்கிறது; பொத்தான் அளவு வட்டத் தகரமான அதில் ஆர்315ஏ, அதாவது 315 மெகாஹெர்ட்ஸ், என்று பொறித்திருக்கிறது. ரிசீவர் போர்டில் 433. ரிமோட் 315-இல் அனுப்பினால் 433 ரிசீவருக்கு எப்படி எட்டும்? பெட்டி மேலேயும் 433 என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கோடையில் நேரத்துக்குத் தண்ணீர் பாயாமல் குரும்பை கொட்டுகிறது. தோப்பே போச்சு, நஷ்டம் லட்சத்தைத் தாண்டும்.

தயவுசெய்து சரியான ஜோடியை உங்கள் செலவில் அனுப்புங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பஸ் செலவும் சேர்த்துத்தான். ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

மறுபடி கோடு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், திறந்த ரிமோட்டின் படம்