பெனிக்னோவின் படிவத்தை முழுதாகக் காட்டுங்கள்

மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வு நெறிமுறை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவன் அல்ல. ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில் வெளியாள் உறுப்பினராகச் சில வருடங்களாக உட்கார்ந்திருப்பவன். டாக்டர்களும் வக்கீலும் இருக்கும் மேசையில், தமிழ் ஒப்புதல் படிவத்தை ஒரு நோயாளியின் கண்ணோடு படித்து, "இது எனக்கே புரியலையே சார்" என்று சொல்வதுதான் என் வேலை.

உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு ஸ்லைடு வந்தது. 1900, கியூபா, மஞ்சள் காய்ச்சல் பரிசோதனை, அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீட், எழுத்தில் வாங்கிய முதல் ஒப்புதல்களில் ஒன்று. மீசை வைத்த அவர் படம். அரை நிமிடத்தில் அடுத்த ஸ்லைடு. யாரிடம் வாங்கினார்கள், அந்தத் தாளில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்க நான் கையைத் தூக்குவதற்குள் டீ வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தத் தாள் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்த பிறகுதான் இந்த மடல்.

நம் ஊர் கிரையப் பத்திரம் போலவே அது தொடங்குகிறது. ஸ்பெயினின் கொருன்யா மாகாணம், செர்செடா ஊரில் பிறந்த, மனுவேல் பெனிக்னோவுக்கும் ஹோசெஃபா காஸ்த்ரோவுக்கும் மகனான, இருபத்தைந்து வயதைத் தாண்டிய அந்தோனியோ பெனிக்னோ எழுதிக்கொடுப்பது. தேதி 1900 நவம்பர் 26. இடம், கியூபாவில் கேமதோஸ் அருகே ஒரு பரிசோதனை முகாம். ஒரு பக்கம் பெனிக்னோ, மறுபக்கம் வால்டர் ரீட். இரண்டு பிரதிகள்.

உள்ளே ஒரு வரி என்னை நிறுத்தியது. காய்ச்சல் வந்தால் தன் உயிருக்கு "ஓரளவு" ஆபத்து என்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறது. ஓரளவு என்றால் எவ்வளவு? இந்தச் சொல்லுக்காகவே நாங்கள் படிவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதை எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பர் 25 அன்று, ரீடின் குழுவிலேயே ஒருவரான ஜெஸ்ஸி லசியர் அதே காய்ச்சலில் செத்துப்போனார். வயது 34. முகாமுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். லசியர் முகாமில் உட்கார்ந்துகொண்டு "ஓரளவு" என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து பணம். பரிசோதனை முடிந்தால் 100 டாலர், அமெரிக்கத் தங்கமாக. காய்ச்சல் வந்து பிழைத்தால் இன்னொரு 100. இறந்தால் அவர் சொல்லும் ஆளுக்கு 200. முகாம் எல்லையைத் தாண்டினால் எதுவும் கிடையாது. இன்று எங்கள் மேசைக்கு வரும் படிவத்தில் நான் முதலில் தேடுவது "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், சிகிச்சை பாதிக்காது" என்ற வரியை. பெனிக்னோவின் தாளில் அது தலைகீழாக இருக்கிறது.

தாளில் இருப்பதை விட அதற்கு முன் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆள் பிடிக்கும் பொறுப்பு குழுவிலிருந்த கியூபரான அரிஸ்திதெஸ் அக்ரமாந்தேயுடையது. 1915-இல் அவரே எழுதியிருக்கிறார். ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்து குடியேற்ற நிலையத்தில் இறங்கியவர்களில் எட்டுப் பத்துப் பேரைக் கூலிக்கென்று முகாமுக்குக் கூட்டிவருவார். கூடாரம், கொசுவலை, வயிறு நிறையச் சாப்பாடு. வேலை, தரையில் கிடக்கும் கற்களைப் பொறுக்குவது. நடுநடுவே ஓய்வு. அந்த நாட்களில் மெல்லப் பேச்சுக் கொடுத்து, முன்பு என்ன நோய் வந்தது, குடும்பம் உண்டா என்று விசாரிப்பார். வயது வராதவர்களையும் பிள்ளைகுட்டிக்காரர்களையும் கழித்துவிடுவார். மிஞ்சியவர்களிடம்தான் விஷயத்தைச் சொல்வார். இறுதிச் சடங்குச் செலவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று லேசான கிண்டலோடு எழுதுகிறார். சாவு பற்றித் தாளில் இருக்கிறது, பேச்சில் வந்ததாக அவர் எழுதவில்லை. கல் பொறுக்க வந்தவனுக்கு, கையில் வேறு வேலை இல்லாத தீவில், எது சுய விருப்பம்? உங்கள் வகுப்பில் அரை மணி நேரம் பேச வேண்டிய கேள்வி இது.

இதையெல்லாம் சொல்வதால் ரீட் குழுவை வில்லனாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது பெரிய காரியம். மூன்று வருடம் முன்புதான் ஜுசெப்பே சனரெல்லி என்ற இத்தாலியர், மஞ்சள் காய்ச்சலின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நோயாளிகளுக்கு அவர்களைக் கேட்காமலே ஊசி போட்டிருந்தார். அதைக் குற்றம் என்றே சொன்னார் அன்றைய பெரிய டாக்டரான வில்லியம் ஓஸ்லர். லசியர் முகாம் விஷயத்தில் ஹவானா பத்திரிகைகள் கூச்சல் போட்டபோது, ரீடும் தோழர்களும் ஹவானாவிலிருந்த ஸ்பானியத் துணைத்தூதரை நேரில் பார்த்துப் பேசினார்கள். முகாமில் ஒருவரும் சாகவில்லை.

காய்ச்சல் பரவுவது நோயாளியின் அழுக்குத் துணியாலா, கொசுவாலா என்று பார்த்த அந்தப் பரிசோதனையின் அமைப்பும் அழகு. முதல் குடிசை பதினான்குக்கு இருபது அடி. காய்ச்சல்காரர்களின் கறுப்பு வாந்தியும் மலமும் காய்ந்த போர்வைகள், தலையணைகள் மரப்பெட்டிகளில் வந்தன. நவம்பர் 30 அன்று டாக்டர் குக்கும் இரண்டு சிப்பாய்களும் அவற்றைத் திறந்துவிட்டு மூச்சு முட்டி வெளியே ஓடினார்கள். திரும்பி உள்ளே போய், அந்தப் போர்வைகளை விரித்து, இருபது ராத்திரி படுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது குடிசை சுத்தம். நடுவில் கம்பி வலை. டிசம்பர் 21 அன்று வலைக்கு ஒரு பக்கம் பதினைந்து கொசுக்களை விட்டு ஜான் மோரன் என்ற குமாஸ்தா போய்ப் படுத்தார். கிறிஸ்துமஸ் அன்று அவருக்குக் காய்ச்சல். வலைக்கு மறுபக்கம் படுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். கொசு என்று 1881-லேயே ஹவானா அகாடமியில் சொல்லி, இருபது வருடம் ஏளனம் பட்டு, கடைசியில் ரீட் குழுவுக்குக் கொசு முட்டையும் கொடுத்த கியூப டாக்டர் கார்லோஸ் ஃபின்லே அன்று ஜெயித்தார். நமக்கு டெங்கு கொண்டுவரும் அதே ஏடிஸ் கொசுதான். (மஞ்சள் காய்ச்சல் என்றதும் என் அத்தை கீழாநெல்லி அரைத்துக் குடி என்றார். காமாலை வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

சரி, யாரை நினைவு வைத்திருக்கிறார்கள்? 1929-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பரிசோதனையில் இருந்தவர்களுக்குத் தங்கப் பதக்கமும் மாதம் 125 டாலர் ஓய்வூதியமும் கொடுத்தது. பணம் வேண்டாம் என்ற மோரனும் சிப்பாய் கிஸ்ஸிங்கரும் அதில் உண்டு, நியாயம்தான். பெனிக்னோ இல்லை. அவருக்கும் 1900 டிசம்பரில் காய்ச்சல் வந்து பிழைத்தார். அவரைப் போலவே காய்ச்சல் வாங்கிய ஸ்பானியர்கள் நிகனோர் ஃபெர்னாண்டஸ், விசென்டே ப்ரெசெடோ இருவரும் இல்லை. 1901-இல் கியூப டாக்டர் ஹுவான் கிதெராஸ் ஹவானாவில் தொடர்ந்த கொசுக்கடிச் சோதனையில் மூன்று பேர் இறந்தார்கள். அமெரிக்க நர்ஸ் கிளாரா மாஸ், வயது 25. அவருக்குக் கியூபாவும் அமெரிக்காவும் தபால்தலை போட்டன. நியூஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்கே அவர் பெயர். மற்ற இருவர் காரோ, காம்பா என்ற ஸ்பானியக் குடியேறிகள். பெரும்பாலும் "வேறு இருவர்" என்று ஒரே வாலில் முடிந்துவிடுகிறார்கள்.

மறதியை எதிர்த்து உழைத்தவரும் உண்டு. கார்டிசோன் மருந்துக்காக 1950-இல் நோபல் வாங்கிய ஃபிலிப் ஹென்ச், முகாம் எந்த வயலில் இருந்தது என்று ஹவானா அருகே மரியனாவோவில் தேடி அலைந்து, பிழைத்திருந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, அந்த முதல் குடிசையையே கண்டுபிடித்தார். 1952-இல் அங்கே நினைவிடம் திறந்தது. பெனிக்னோவின் தாளை நான் படிக்க முடிந்ததும் அவர் சேர்த்த தொகுப்பால்தான்.

இந்த வரிசையில் இன்னொரு பெயர், அசிபி. 1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், காய்ச்சலோடு இருந்த அவர் ரத்தத்திலிருந்து எடுத்த வைரஸ்தான் மாக்ஸ் தெய்லரின் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியாயிற்று. லாகோஸுக்கோ நைரோபிக்கோ வேலைக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வரிசையில் நின்று போட்டுக்கொள்வது அதன் வழித்தோன்றலைத்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். நவம்பர் 26 அன்று ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். ரீடின் படத்துக்குப் பதில் பெனிக்னோவின் தாளை முழுதாகத் திரையில் போடுங்கள். ஒரு மாணவர் அக்ரமாந்தேயாக உட்காரட்டும். இன்னொருவர் கல் பொறுக்கிவிட்டு வந்து எதிரே உட்காரட்டும். தமிழில் பேசட்டும்.

ஆங்கிலப் படியிலிருந்து நான் ஒரு தமிழாக்கம் செய்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். "ஓரளவு" என்ற சொல்லை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று மாணவர்களே எழுதிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வெளியாள் உறுப்பினர் ஒருவர்